ஒரு மணி நேர ஸ்கேன், நான்கு மாத அலைச்சல்: முழு உடல் எம்.ஆர்.ஐ. பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். ஆண், வயது 48, புகைப்பழக்கம் இல்லை, இன்ன இடத்தில் வலி என்று சொல்ல ஒன்றும் இல்லை, குடும்பத்தில் சிறு வயதிலேயே புற்றுநோய் வந்தவர்கள் யாரும் இல்லை, கடைசியாக பி.பி. பார்த்தது எப்போது என்று கேட்டால் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும். அந்த ஆள் நான்தான். நான் மருத்துவன் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு ரிப்போர்ட், ரத்தப் பரிசோதனைத் தாள்கள், சி.டி. படங்கள் என்று சேர்ந்துபோன கோப்பைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தேன். டாக்டர்கள் தங்கள் கூட்டங்களில் ஒரு நோயாளியை எடுத்துவைத்து அலசுவார்களே, அப்படி என்னை நானே அலசினால் என்ன என்று தோன்றியது.

ஏன் போனேன்

ஆபீஸில் என் வயதுக்காரர் ஒருவர் இருந்தார். கணையத்தில் புற்றுநோய். கண்டுபிடித்த ஐந்தாம் மாதம் போய்விட்டார். அதற்கு முன் அவருக்கு இருந்தது ஒரு மந்தமான வயிற்று வலி, அதை வாயு என்று எல்லோரும் நினைத்தோம், அவரும் நினைத்தார். அதற்கப்புறம் ராத்திரி படுத்ததும் என் வயிற்றை நானே அமுக்கிப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினேன். அந்த நேரம் பார்த்து ஒரு தனியார் ஸ்கேன் மையத்தின் விளம்பரம் போனில் வந்து விழுந்தது: தலையிலிருந்து தொடை வரை, ஊசி கிடையாது, கதிர்வீச்சு கிடையாது, ஒரே மணி நேரம். அன்றைக்கே பதிவு செய்தேன்.

மனைவி கேட்டாள்: "இப்ப உங்களுக்கு எங்க வலிக்குது?"

"எங்கயும் வலிக்கல, அதனாலதான் போறேன்."

டாக்டர் சீட்டு எதுவும் கேட்கவில்லை. இதை அப்போது வசதி என்று நினைத்தேன். வழக்கமாக ஸ்கேனுக்கு அனுப்பும் டாக்டர், சீட்டில் ஒரு வரி எழுதுவார்: இடது முழங்கால் வலி, தசைநார் கிழிந்திருக்கிறதா பார்க்கவும். படம் எப்படி எடுப்பது, எதை உற்றுப் பார்ப்பது, எதைக் கண்டுகொள்ளாமல் விடுவது எல்லாம் அந்த ஒரு வரியிலிருந்துதான் தொடங்கும். எனக்குக் கொடுத்த படிவத்தில் 'பரிசோதனைக்கான காரணம்' என்ற கட்டத்தில் 'தடுப்பு நலம்' என்று ஏற்கெனவே அச்சடித்திருந்தது. நான் கையெழுத்து மட்டும் போட்டேன்.

இயந்திரத்துக்குள்

நியாயமாகச் சொன்னால் அந்த மணி நேரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. டெக்னீஷியன் பெண் மூன்று தடவை கேட்டார்: பேஸ்மேக்கர் உண்டா, மூளை ரத்தக்குழாயில் கிளிப் போட்டிருக்கிறார்களா, காதுக்குள் கருவி, கண்ணில் எப்போதாவது இரும்புத் தூள் பட்டதா. அதுதான் சரி. காந்தம் 1.5 டெஸ்லா, பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறத்தாழ 30,000 மடங்கு. படம் எடுக்காத நேரத்திலும் அது அணைவதில்லை. காதில் அடைப்பான், அதற்கு மேல் ஹெட்போன், கையில் அவசரத்துக்கு அமுக்க ஒரு ரப்பர் பந்து, உடம்பின் மேல் கனமான போர்வை மாதிரி, சமிக்ஞையைப் பிடிக்கும் காயில்கள். "மூச்சை இழுங்க, நிறுத்துங்க" என்ற குரல் வரும்போதெல்லாம் நிறுத்த வேண்டும். வயிற்றுப் பகுதி வந்தபோது இரண்டு தடவை என்னால் மூச்சைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை. இது பிறகு வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1977 ஜூலை 3 அன்று ரேமண்ட் டமாடியனின் குழு முதன்முதலாக ஒரு மனிதரின் உடலை இந்த முறையில் படம் எடுத்தபோது, மார்பின் ஒரே ஒரு குறுக்குவெட்டுக்குக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஆனது. இன்றைக்கு ஒரு மணி நேரத்தில் மொத்த ஆளும் முடிந்துவிடுகிறது என்றால் மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வேகத்துக்கு ஒரு விலை உண்டு. ஒரு முழங்காலை மட்டும் ஒழுங்காக எடுக்கவே அரை மணி நேரம் வரை ஆகலாம். அதே அரை மணி நேரத்துக்குள் இங்கே தலை, கழுத்து, மார்பு மூன்றையும் முடித்தாக வேண்டும். அதனால் ஒவ்வொரு குறுக்குவெட்டும் தடிமனாக இருக்கும், நுணுக்கம் குறையும்.

இந்த ஸ்கேனின் முக்கியமான பகுதி, திசுக்களில் நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக நகர்கின்றன என்று பார்க்கும் படம். புற்றுக்கட்டியில் செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதால் நீருக்கு நகர இடமிருக்காது, அந்த இடம் பளிச்சென்று தெரியும். சரி, அருமையான யோசனை. ஆனால் மண்ணீரலும் பளிச்சென்றுதான் தெரியும், ஆரோக்கியமான நிணநீர்க் கணுக்களும் அப்படியே, சீழ்க்கட்டியும் அப்படியே.

அப்புறம் அந்த 'முழு உடல்' என்ற பெயர். நுரையீரலில் பெரும்பகுதி காற்று, எம்.ஆர்.ஐ.க்கு வேண்டிய ஹைட்ரஜன் அங்கே குறைவு, போதாக்குறைக்கு அது அசைந்துகொண்டே இருக்கும், ஆகவே சி.டி.யில் தெரியும் சின்னக் கணுக்கள் இதில் தவறிப்போகலாம். இதயத் தமனி அடைப்பை இந்த ஸ்கேன் பார்ப்பதே இல்லை. பெருங்குடலின் உள்சுவரில் முளைக்கும் சின்னப் பாலிப்புகள் தெரியாது. மார்பகத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுப்பது என்றால் அதற்குத் தனிக் காயில் வேண்டும், மருந்து ஊசி வேண்டும், அது வேறு ஸ்கேன். எனக்குத் தெரிந்த ஒருவர், முழு உடலும் பார்த்தாயிற்றே என்று பெருங்குடல் பரிசோதனையைத் தள்ளிப்போட்டிருக்கிறார். 45 வயதிலிருந்தே அதைச் செய்யச் சொல்லி அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2021-ல் பரிந்துரைத்திருக்கிறது, அந்தப் பரிசோதனை உயிரைக் காப்பதற்குச் சான்று இருக்கிறது. சான்று இல்லாததைச் செய்துவிட்டுச் சான்று உள்ளதை விட்டுவிட்டார். சிரிக்க வேண்டாம், நானும் அப்போது அதைச் செய்திருக்கவில்லை.

ரிப்போர்ட்

மூன்றாம் நாள் இரவு ஒன்பதே முக்காலுக்கு மின்னஞ்சலில் வந்தது, 11 பக்கம். இந்த மாதிரி ஸ்கேன்களுக்கு 2021-ல் வந்த ஆன்கோ-ராட்ஸ் என்ற தர அளவு இருக்கிறது: 1 என்றால் சுத்தம், 2 என்றால் ஆபத்தில்லாதது என்று அநேகமாக உறுதி, 3 என்றால் ஆபத்தில்லாததாக இருக்க வாய்ப்பு அதிகம், 4, 5 என்றால் புற்றுநோயாக இருக்கலாம் என்ற பக்கம். என் உடம்பில் ஏழு விஷயங்கள் கண்டுபிடித்திருந்தார்கள். மூளை வெண்பகுதியில் இரண்டு மூன்று சின்னப் புள்ளிகள், கன்ன எலும்புக் குழியில் சளிச்சவ்வு தடிப்பு, தைராய்டில் 8 மி.மீ. கணு, கல்லீரலில் 11 மி.மீ. ரத்தக்குழாய்க் கட்டி, வலது சிறுநீரகத்தில் 22 மி.மீ. நீர்க்கட்டி, கீழ் முதுகில் ஒரு டிஸ்க் புடைப்பு, இடது அட்ரினல் சுரப்பியில் 14 மி.மீ. கட்டி. கடைசியாகச் சொன்னதுக்குத் தரம் 3, பக்கத்தில் 'தன்மை உறுதியாகவில்லை, மேற்கொண்டு பரிசோதிக்கவும்' என்று ஒரு வரி. தைராய்டுக்கு 'அல்ட்ராசவுண்டு செய்து பார்க்கலாம்' என்று இன்னொரு வரி.

கணையம் சாதாரணமாக இருந்தது. நான் பயந்துகொண்டு போனது அதற்காகத்தான், ஆனால் அந்த வரி என் கண்ணில் பட்டதே மறுநாள் காலையில். ராத்திரி முழுக்க அட்ரினல் கட்டியைப் பற்றி இணையத்தில் தேடிக்கொண்டிருந்தேன். எங்கே இருக்கிறது என்றுகூட அதுவரை தெரியாத ஒரு சுரப்பி, சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது.

முதல் திருப்பம்: தைராய்டு

ஒன்பதாம் நாள், யாரையும் கேட்காமல், நானே போய்த் தைராய்டு அல்ட்ராசவுண்டு எடுத்துக்கொண்டேன். தைராய்டு கணுக்களுக்கான டை-ராட்ஸ் தர அளவில் 3, அளவு 8 மி.மீ. அந்தத் தரத்துக்கு 15 மி.மீ.க்குக் கீழே இருந்தால் திரும்பப் பார்க்கவே தேவையில்லை, ஊசி குத்தி எடுப்பது 25 மி.மீ.க்கு மேல்தான். ஆக ஒன்றுமில்லை. அதற்கடுத்த வாரம் குடும்ப டாக்டரிடம் கோப்பைக் கொண்டுபோய் வைத்தபோது அவர் முதலில் இதைத்தான் எடுத்தார். 35 வயதைத் தாண்டியவருக்கு எம்.ஆர்.ஐ.யில் தற்செயலாகப் படும் தைராய்டு கணு, சந்தேகப்படும்படியாக வேறொன்றும் இல்லாமல், 15 மி.மீ.க்கும் குறைவாக இருந்தால் அல்ட்ராசவுண்டே வேண்டியதில்லை என்று கதிரியக்க டாக்டர்களின் அமைப்பான அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி 2015-லேயே எழுதிவைத்திருக்கிறது என்றார். நான் கேட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

தைராய்டு விஷயத்தில் தென் கொரியாவின் அனுபவம் பிரசித்தம். பொதுப் பரிசோதனையோடு சேர்த்துக் கழுத்து அல்ட்ராசவுண்டும் அங்கே பரவலானது, 2011-ல் கண்டுபிடிக்கப்பட்ட தைராய்டு புற்றுநோயின் விகிதம் 1993-ல் இருந்ததைப் போல 15 மடங்காகிவிட்டது. அந்த நோயால் இறந்தவர்களின் விகிதமோ அசையவில்லை. அதாவது வாழ்நாள் முழுக்கச் சும்மா இருந்திருக்கக்கூடிய கட்டிகளைத் தேடிப் பிடித்து ஏராளமானோருக்குத் தைராய்டை வெட்டி எடுத்தார்கள். பலருக்கு ஆயுள் முழுக்க மாத்திரை, சிலருக்குக் குரல் நரம்பில் காயம். அவர்கள் ஒவ்வொருவரும் 'நல்லவேளை, சீக்கிரமே பார்த்துவிட்டோம்' என்றுதான் நினைத்திருப்பார்கள், அதில் யார் உண்மையிலேயே பிழைத்தவர், யார் வீணாக வெட்டுப்பட்டவர் என்று தனி ஆளாக யாருக்கும் தெரிய வழியில்லை.

குடும்ப டாக்டர்

மற்ற நான்கைந்தை அவர் இரண்டே நிமிடத்தில் முடித்தார். சாதா நீர்க்கட்டி, விடுங்கள். கல்லீரலில் இருப்பது பிறவியிலிருந்தேகூட இருந்திருக்கலாம். டிஸ்க் புடைப்பா, முதுகு வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளை 2015-ல் ஒன்று திரட்டியபோது 50 வயதுக்காரர்களில் 60 சதவீதம் பேருக்கு அது இருந்தது, நரைமுடி மாதிரி என்றார். மூளையில் ஒன்றும் பெரிதாக இல்லாதது எனக்கு அதிர்ஷ்டம்தான்: நெதர்லாந்தின் ராட்டர்டாமில் 45 வயதைத் தாண்டிய 2,000 பேருக்கு மூளை எம்.ஆர்.ஐ. எடுத்து 2007-ல் வெளியிட்டார்கள், 7.2 சதவீதம் பேருக்குத் தங்களுக்கே தெரியாமல் வந்துபோன சிறு பக்கவாதத் தழும்பு, 1.8 சதவீதம் பேருக்கு ரத்தக்குழாய் வீக்கம். அந்த வீக்கம் எனக்கு இருந்திருந்தால்? வெடிக்குமோ வெடிக்காதோ என்று தெரியாத ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு, மண்டையைத் திறப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியிருந்திருக்கும். படிவத்தில் கையெழுத்துப் போட்டபோது இது மனதில் இல்லவே இல்லை.

அப்புறம் கணையப் புற்றுநோயில் போன அந்த ஆபீஸ் நண்பரைப் பற்றிச் சொல்லி, நான் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "அவர் இந்த ஸ்கேனை எடுத்திருந்தா பிழைச்சிருப்பாரா டாக்டர்?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. "எப்ப எடுத்திருந்தாங்கறதைப் பொறுத்தது சார். சரியான மாசத்துல எடுத்திருந்தா ஒருவேளை பிடிபட்டிருக்கும், அறுவை சிகிச்சையும் பண்ணியிருக்கலாம். ஒன்றரை வருஷம் முன்னாடி எடுத்திருந்தா எல்லாம் சுத்தம்னு ரிப்போர்ட் வந்திருக்கும், அதை நம்பி அந்த வயித்து வலியை இன்னும் ரெண்டு மாசம் பொறுத்துக்கிட்டிருப்பார்."

கணையப் புற்றுநோய் பரம்பரையாக வரும் குடும்பங்களைக்கூட இப்படி மொத்தமாகப் படம் எடுத்துக் கண்காணிப்பதில்லை, கணையத்துக்கென்றே தனி எம்.ஆர்.ஐ., இல்லையென்றால் எண்டோஸ்கோப் வழியாக உள்ளே செலுத்தும் அல்ட்ராசவுண்டு, அதுவும் வழக்கமாக வருடத்துக்கு ஒரு தடவை என்று அவர் விளக்கினார். பிறகு கோப்பை மூடிவிட்டு, "நீங்க எதைத் தேடிப் போனீங்க?" என்றார். கணையம் என்று சொல்லலாம்தான். ஆனால் உண்மையில் நான் எதையும் தேடிப் போகவில்லை, பயத்தை இறக்கிவைக்கப் போனேன்.

இரண்டாம் திருப்பம்: அட்ரினல்

இதை மட்டும் டாக்டரும் விடச் சொல்லவில்லை, 10 மி.மீ.க்கு மேல் இருந்தால் என்ன ஏது என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பது முறை. வேறு காரணத்துக்காக வயிற்று சி.டி. எடுப்பவர்களில் 100-க்கு 4, 5 பேரிடம் இப்படி ஒன்று கண்ணில் படும், பெரும்பாலும் கொழுப்பு நிறைந்த சாதுவான கட்டி. எம்.ஆர்.ஐ.யிலேயே கொழுப்பையும் நீரையும் பிரித்துக் காட்டும் வரிசை ஒன்று உண்டு, அதில் அந்த இடம் கறுத்திருந்தால் அத்தோடு கதை முடிந்திருக்கும். நான் மூச்சைச் சரியாகப் பிடிக்காத இடம் சரியாக அதுதான். படம் கலங்கியிருந்தது.

ஐந்தாம் வாரம் ஹார்மோன் டாக்டர். அங்கே உள்ளே போவதற்கு முன் நர்ஸ் பி.பி. பார்த்தார்: 154/96. பதற்றமாக இருக்கும் என்று பத்து நிமிடம் உட்காரவைத்துத் திரும்பப் பார்த்தார்: 150/94. டாக்டர் என் ரிப்போர்ட்டைவிட அந்த எண்ணைத்தான் அதிக நேரம் பார்த்தார். அட்ரினல் கட்டியும் ரத்த அழுத்தமும் சேர்ந்திருந்தால், ரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஆல்டோஸ்டிரோன், ரெனின் இரண்டையும் அளந்தாக வேண்டும். ராத்திரி 11 மணிக்கு 1 மி.கி. டெக்ஸாமெதசோன் மாத்திரை போட்டுக்கொண்டு காலை 8 மணிக்கு ரத்தம் கொடுத்து, அட்ரினல் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் அடங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். கூடவே மருந்து ஊசி இல்லாத ஒரு சி.டி. கதிர்வீச்சு கிடையாது என்பதற்காகவே எம்.ஆர்.ஐ.யைத் தேர்ந்தெடுத்தவன், கடைசியில் அந்த எம்.ஆர்.ஐ. காரணமாகவே கதிர்வீச்சு வாங்கிக்கொள்ளப் போய்ப் படுத்தேன்.

சி.டி.யில் அடர்த்தி 4 ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகு. தண்ணீருக்கு 0, கொழுப்புக்கு எதிர்மறை எண். கட்டி முழுக்க ஒரே சீராக, 10 அல்லது அதற்குக் கீழே இருந்தால் சாதுவானது, திரும்பப் படம் எடுக்கவே வேண்டாம் என்று ஐரோப்பிய வழிகாட்டுதல் 2023-ல் தெளிவாகவே சொல்கிறது. கார்டிசால் 1.1, அது 1.8-ஐத் தாண்டக் கூடாது. ஆல்டோஸ்டிரோன், ரெனின் சரியாக இருந்தன. எட்டாம் வாரம் அந்தக் கட்டி என் வாழ்க்கையிலிருந்து விலகிக்கொண்டது, அதாவது அது இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது.

பி.பி. விலகவில்லை. ஒரு வாரம் வீட்டில் காலையும் மாலையும் எடுத்தேன், சராசரி 146/92. வீட்டு அளவில் 135/85 என்பதே எல்லை. பத்தாம் வாரம் மாத்திரை தொடங்கியது. இந்த மொத்த அலைச்சலில் என் ஆயுளைத் தொட்டு எதையாவது மாற்றியிருக்கக்கூடிய கண்டுபிடிப்பு இது ஒன்றுதான், அதைக் கண்டுபிடித்தது கையில் சுற்றும் ஒரு பட்டை. அந்த ஸ்கேன் இல்லையென்றால் நர்ஸ் முன்னால் உட்கார்ந்திருக்கவே மாட்டேன் என்று மனைவியிடம் வாதாடிப் பார்த்தேன். "பி.பி. பாக்கறதுக்கு எதுக்குங்க இவ்ளோ பெரிய குழாய்?" என்றாள்.

நான்காம் மாதம் ஒரு பின்குறிப்பு மாதிரி வந்தது. புதுக் காப்பீட்டுக்கு விண்ணப்பித்தேன், 'உடலில் எங்காவது கட்டி, கணு, நீர்க்கட்டி இருப்பதாகச் சொல்லப்பட்டதா' என்று ஒரு கேள்வி. நான்கு உறுப்புகளின் பெயரை எழுதி, ஒவ்வொன்றுக்கும் ரிப்போர்ட் இணைத்தேன்.

எண்கள் என்ன சொல்கின்றன

என் கதை விதிவிலக்கு என்று நினைத்தால், அப்படி இல்லை. அறிகுறி எதுவும் இல்லாத 5,373 பேரை முழு உடல் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த 12 ஆய்வுகளை 2019-ல் சேர்த்துக் கணக்கிட்டார்கள். தீவிரமானது அல்லது என்னவென்று நிச்சயமாகாதது என்று ஏதோ ஒன்று, ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வந்திருக்கிறது. புற்றுநோய் உறுதியாவது இந்த மாதிரி ஆய்வுகளில் 100-க்கு ஒன்றிரண்டு பேரிடம்தான். அந்த ஒன்றிரண்டு பேரை நான் குறைத்துப் பேசவில்லை, அவர்களில் சிலர் நிஜமாகவே தப்பித்திருக்கலாம். ஆனால் ஸ்கேன் எடுத்த கூட்டம் எடுக்காத கூட்டத்தைவிட அதிக நாள் வாழ்கிறது என்று, யார் எந்தக் கூட்டம் என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடும் சமவாய்ப்புச் சோதனை எதுவும் இதுவரை காட்டவில்லை. அறிகுறியோ ஆபத்துக் காரணமோ குடும்ப வரலாறோ இல்லாதவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கப் போதுமான சான்று இல்லை என்று அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி 2023 ஏப்ரலில் சொன்னது. ஸ்கேன் எடுத்துப் பிழைக்கும் அந்தத் துறையே இப்படிச் சொல்வது கவனிக்க வேண்டியது.

ஸ்கேன் என்றாலே வீண் என்றும் இல்லை. நீண்ட காலம் கடுமையாகப் புகைத்தவர்களுக்குக் குறைந்த கதிர்வீச்சு சி.டி. எடுத்தால் நுரையீரல் புற்றுநோய் இறப்பு 20 சதவீதம் குறைகிறது என்று 53,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த சோதனை 2011-ல் காட்டியது. டி.பி.53 மரபணுக் கோளாறோடு பிறக்கும் லி-ஃபிரௌமெனி குடும்பத்தினருக்கு வருடா வருடம் முழு உடல் எம்.ஆர்.ஐ.யே பரிந்துரை, காரணம் அவர்களுக்குப் புற்றுநோய் எந்த உறுப்பில் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, கதிர்வீச்சும் ஆகாது. அவர்கள் படிவத்தில் காரணம் என்ற கட்டம் காலியாக இருக்காது.

இவ்வளவுக்கும் பிறகு நான் செய்தது: பி.பி. மாத்திரை, கொழுப்பு அளவு, தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த பெருங்குடல் பரிசோதனை. ராத்திரி வயிற்றை அமுக்கிப் பார்ப்பது நின்றுவிட்டதா என்றால், குறைந்திருக்கிறது.

பதினோராம் மாதம் அந்த மையத்திலிருந்து ஒரு பெண் அழைத்தார், மறு ஸ்கேனுக்கு நேரம் வந்துவிட்டதாம், போன தடவை கண்ட ஏழு விஷயங்களும் வளர்ந்திருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாமாம். மரியாதையாகத்தான் பேசினார். நானும் மரியாதையாகவே கேட்டேன், படிவத்தில் காரணம் என்று என்ன எழுதுவது என்று.

"அது நீங்க எழுத வேண்டாம் சார், பிரிண்ட் ஆகியே வரும்."